ஆற்றங்கரைக் கிட்டங்கியும் மூன்று கண்ணாடிகளும்

மூன்று கண்ணாடித் துண்டுகளும் உடையாமல் இருந்தன. சந்தோஷப்பட வேண்டியவள், ஏன் முழித்துக்கொண்டு நின்றேன்?

சொல்கிறேன். நெல்லை ஜங்ஷன் பக்கம், தாமிரபரணிக் கரையோரம் ஒரு பழைய கிட்டங்கி, அதாவது சரக்குக் கிடங்கு. கீழே பலசரக்கு மொத்தக் கடை. மேலே மூட்டை அடுக்கும் மரத்தளம். ஆற்றைப் பார்த்த சுவரில் நெடுக ஒரு விரிசல். கட்டடத்தை இடிப்பதா, வைத்துக்கொள்வதா? உரிமையாளர், கட்டட இன்ஜினியரான என் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கிறார். இடித்தால், வாடகைக்கு இருக்கும் கடைக்கார அண்ணாச்சிக்கும் மூட்டை தூக்கும் ஆறு பேருக்கும் பிழைப்பு போச்சு.

விரிசல் பழசா, இன்னும் வளர்கிறதா? எங்கள் தொழிலில் அதற்கு ஓர் எளிய வழி உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வருவோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும் - அவ்வளவுதான். மூன்று இடங்களில் ஒட்டி, மார்க்கரால் தேதியும் எழுதிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் கழித்துப் போனால்... கண்ணாடி இருக்கிறது. தேதி இல்லை!

"அண்ணாச்சி, இது நான் ஒட்டுனது இல்லையே?"

"ஆமாம்மா. நீங்க ஒட்டுனது உடைஞ்சிட்டு. ஆயுத பூஜையும் அதுவுமா, உடைஞ்ச கண்ணாடியக் கடையில வச்சிருக்க முடியுமா? படத்துக்குப் பிரேம் போடுத கடையில வெட்டி வாங்கி, புதுசா ஒட்டிட்டேன். நல்லா இருக்குல்லா?"

"மூணுமா உடைஞ்சுது?"

"ஒண்ணு, வெள்ளையடிக்க வந்தவன் ஏணிய வச்சு இடிச்சான். மத்த ரெண்டும்... நான் பாக்கலியே."

"உடைஞ்ச துண்டெல்லாம் எங்க?"

"அத எதுக்கு வச்சிருக்கணும்? குப்பை வண்டியில போட்டாச்சு."

மற்ற இரண்டையும் உடைத்தது ஏணியா, சுவரா? அண்ணாச்சி மாற்றியது பூஜைக்காகவா, எனக்காகவா? முகத்தைப் பார்த்தால் பால் வடிகிறது. ஆனால் அது வியாபாரி முகமாயிற்றே!

"உடையாத கண்ணாடியா ஒட்டினா என்னம்மா? நீங்களும் அலைய வேண்டாம்லா?" என்று வேறு கேட்டார்.

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பேசாம சுவத்துக்கே பிரேம் போட்டிரும்வே!"

மறுபடி மூன்று ஒட்டினேன். "இன்னும் ஒரு மாசம் பாப்போம். அதுவரைக்கும் இந்தச் சுவரோரம் ஆளும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம்" என்றேன்.

அண்ணாச்சிக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "பாதிக் கடைய மூடச் சொல்லுதிய. எங்கப்பா காலத்துல இருந்து நிக்குத சுவரு... ஒண்ணும் ஆவாது. நான் எழுதித் தாரேன்."

மறுநாள் போனேன். மூட்டைகள் அங்கேயே இருந்தன. விரிசலுக்கு நேர் கீழே, கல்லாவில், அண்ணாச்சியும் இருந்தார். ஆனால் அவர் தலைக்கு மேல் மாட்டியிருந்த அப்பாவின் படம் மட்டும் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

"படத்தை ஏன் மாத்துனிய?"

"அவியளுக்கு எதுக்கும்மா ரிஸ்க்கு?"

அன்றே உரிமையாளருக்கு எழுதினேன். 'இடிப்பது பற்றி ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன். ஆற்றுப் பக்கத்துப் பாதியை இன்றே காலி செய்யச் சொல்லுங்கள்.'

சரியாகத்தான் எழுதினேனா? தெரியவில்லை. ஆனால் ரிஸ்க் என்ற வார்த்தையை முதலில் சொன்னது நானில்லை!