நின்றால் சைபர், உட்கார்ந்தால் எட்டு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே இதை எழுதுகிறேன். நடுநடுவே கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் புள்ளி பார்க்கிற தொழிலில் கையைவிடக் கண்ணுக்குத்தான் வேலை. நாள் முழுக்கக் கண்ணை இடுக்கிப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

எங்கள் பட்டறை மண்ணூர்பேட்டையில். எஸ்.டி.டி. பூத் மீட்டரில் எண் தெரியுமே, அந்த எல்.சி.டி. கண்ணாடியைச் சோதிக்கிறோம். குட்டிக்குட்டிப் புள்ளிகள் சரியாகக் கறுத்தால்தான் அது எண்.

கரண்ட் புடவை

சேர்ந்த புதிதில் ஒரு கண்ணாடியில் தூசி. யாரையும் கேட்கக் கூச்சம். நைலக்ஸ் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். ஒயரே மாட்டவில்லை, புள்ளிகள் குப்பென்று கறுத்துவிட்டன! வேலை போச்சு, பிள்ளைக்குப் பால்பவுடரும் போச்சு என்று நடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் தானாகவே வெளுத்தது. பக்கத்தில் உட்காரும் செல்வி சிரிப்பை அடக்க மாட்டாமல் கேட்டாள்: "இன்னாக்கா, ஒன் பொடவைலயே கரண்ட் கீதா?"

உட்காராத பூத்காரர்

திருமழிசையில் பூத் வைத்திருப்பவர் ஒருநாள் மீட்டரையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் கண்ணாடியை மேலிருந்து பார்த்தால் நடுப்புள்ளிகள் மங்கிவிடும். இன்ஜினியர் சார் நாற்காலி போட்டார். வந்தவர் உட்காரவில்லை. "சார், நான் ஒக்காந்துகினு பாத்தா எட்டு, நின்னுகினு பேசறவன் பாத்தா சைபரு. டெய்லி சட்டையப் புடிக்கிறானுங்க. ஒங்க கண்ணாடிக்கு நான் ஒத வாங்கணுமா?"

பாதிப் புள்ளி

சார் புது டிசைன் போட்டார். ஒவ்வொரு புள்ளியையும் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி உட்கார்ந்தவருக்கு, ஒரு பாதி நின்றவருக்கு. பூத்காரர் ஒத்துக்கொண்டால்தான் நாங்கள் சோதிக்கிற பெஞ்சு ஓடும், இல்லையென்றால் மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானும் செல்வியும் உட்கார்ந்து பார்ப்போம், எழுந்து பார்ப்போம், மறுபடி உட்காருவோம். வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. சாம்பார்ச் சட்டியைக் குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தட்டோடு நின்று கேட்டார்: "எந்தப் பக்கத்துல இருந்து பாத்தா உப்பு தெரியும், சொல்லு?"

நடுவில் நிற்பவர்

முதல் கண்ணாடி வந்தது. நின்றாலும் எட்டு, உட்கார்ந்தாலும் எட்டு. செல்வி கைதட்டினாள். ஆனால் நேராகப் பார்த்தால் பழைய கறுப்பு இல்லை, சாம்பல். சார் தலையைச் சொறிந்தார்: "ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணப் போய், நடுவுல நிக்கிறவனுக்கு மங்கிப்போச்சேம்மா."

அந்த மங்கலோடுதான் நேற்று மீட்டர் திருமழிசைக்குப் போனது. இன்று ஞாயிறு. செல்வி பூத்துக்கே போய்க் கேட்டுவருகிறேன் என்றாள். ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் எழுந்து வாசலுக்குப் போகிறேன், பிள்ளை சிணுங்குகிறது, திரும்பி வருகிறேன். இதோ, தெருவிலேயே அவள் குரல்: "அக்கோவ், ஒத்துக்கினாரு! கொஞ்சம் மங்கலா கீதுதான், சண்ட இல்லாம பூத்து நடந்தா போதும்ன்றாரு!"

ஆக, யார் எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டிய கண்ணாடிக்காக ஓரிடத்தில் நிலையாக உட்காராத எங்களுக்கு, நாளைக்கும் உட்கார ஒரு பெஞ்சு, எழுந்திருக்க ஒரு…

"யக்கா, இன்னா பண்ணிகினு கீற உள்ள? வெளிய வா!"

வந்துட்டேன் செல்வி, பிள்ளையை மட்டும் தூக்கிக்கிட்டு…