நடுங்காத மீன்

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் ஒரு சாவு. பதறாதீர்கள். துக்கம் விசாரிக்க யாரும் கிளம்பி வரவும் வேண்டாம். செத்தது என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு மீன்.

ஒரு மீனுக்கா இந்த வாரத்துப் பத்தி என்று முகம் சுளிப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். நான் இதை உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

மகள் ரம்யா சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைனராக இருந்தபோது சொந்தச் சம்பளத்தில் வாங்கிய ஜோடி அது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட க்ளவுன் ஃபிஷ். கடல் மீன் அல்லவா? அதற்கென்று தனி உப்பு, தனி பில்டர், தனி லைட்டு என்று கல்யாணச் சீர் மாதிரி ஒவ்வொன்றாக வந்து இறங்கியது. பெரியது பெண். அதற்கு 'மேடம்' என்று பெயர் வைத்தாள். பாதி அளவில் இருந்த ஆணுக்கு 'சார்'. என்னையும் அவள் அப்பாவையும் பார்த்துத்தான் வைத்தாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அங்கே தொட்டி வைக்க இடம் ஒழிக்க வேண்டும், தலைதீபாவளிக்கு வரும்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன், அதுவரை பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவிடம் ஒப்படைத்தாள். கல்யாணத்துக்கு அவர் என்னென்னவோ பார்த்துப் பார்த்துச் செய்தார். ஆனால் மகள் தன் வாய் திறந்து கேட்டது இது ஒன்றைத்தான்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் போர்மேன். ஒரு வெடிமருந்து இன்னொன்றோடு சேராமல் பார்த்துக்கொள்வது, ஷெட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவே இடைவெளி குறையாமல் பார்த்துக்கொள்வது, ஒரு அறைக்குள் ஒருவர் கூடுதலாக நின்றாலும் வெளியே அனுப்புவது... சுருக்கமாகச் சொன்னால், பிரித்து வைப்பதுதான் அவருடைய வேலை. அவர் பொறுப்பில் இத்தனை வருஷத்தில் ஒருவர் கையில் ஒரு கொப்புளம்கூட வந்ததில்லை. மற்ற ஆலைகளில் நடந்த விபத்துக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றிருக்கிறார். அந்தப் பயம் வீட்டிலும் விடாது. சிலிண்டர் ஒரு மூலை, எண்ணெய் ஒரு மூலை, தீப்பெட்டி இன்னொரு மூலை. ஒரு ரசம் வைத்து இறக்குவதற்குள் எனக்கு வாக்கிங் முடிந்துவிடும்.

ஆனி கடைசியில் தொட்டிக்குள் சண்டை ஆரம்பித்தது.

மேடம் விரட்டும். சார் ஓடும். மூலையில் மடக்கிப் பிடித்து ஒரு கடி. உடனே சார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கும். மேடம் விட்டுவிட்டுப் போகும். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். சாப்பாட்டு மேஜைக்கு எதிரேதான் தொட்டி. அந்த நடுக்கத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் சாரின் வால் நுனியில் லேசாக ஒரு கிழிசல் தெரிந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறீர்களே என்று அவரைப் பிடுங்கியெடுத்தேன்.

"பொறி தெறிக்குதுன்னு தெரிஞ்ச பெறகு கூடவே வச்சிருக்கக் கூடாது. பிரிச்சிருவோம்" என்றார். "ஆடி பொறக்கப் போகுது. புதுசாக் கல்யாணமானதுகளையே பிரிச்சு வைக்கிறோம், இதுக்கென்ன?"

எனக்கும் அது ரொம்ப நியாயமாகப் பட்டது. பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கழுவி, உப்புத் தண்ணீர் கலந்து, பின்கட்டு அறையில் வைத்து, சாரைக் குடியேற்றிவிட்டார்.

ரம்யாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் கல்யாணமாகிப் போய் இன்னும் மஞ்சள் கயிறுகூட மாற்றாத பிள்ளையிடம், உன் ஜோடி அடித்துக்கொள்கிறது, பிரித்து வைத்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது? அபசகுனமாகத் தோன்றியது. சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்தது நான்தான். வீடியோ காலில் சின்னது எங்கே என்று அவள் கேட்கும்போதெல்லாம், பாறைக்குப் பின்னால் இருக்கும் என்றோம். சில சமயம் நெட் சரியில்லை என்றோம். ஆடிக்கு அழைத்தபோது லீவு இல்லை என்றாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

பின்கட்டில் சார் ராஜபோகமாக இருந்தது. விரட்ட ஆளில்லை. போட்டதையெல்லாம் தின்றது. வால் ஆறியது. உடம்பும் வைத்தது. சீசன் நேரத்தில் இவர் கை நிறைய மருந்துத் தூள் ஒட்டிக்கொண்டு வருவார். குளித்ததும் நேராகப் பின்கட்டுக்குத்தான் போவார். எம்புட்டு வளர்ந்துவிட்டான் பார் என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டுவார். மகள் இல்லாத வீட்டில் அவர் வாய்விட்டுப் பேசியது அதனோடுதான் என்று நினைக்கிறேன்.

கடைசி லோடும் ஏறி ஆலை அடங்கியது. அடுத்த வாரம் ரம்யாவும் மாப்பிள்ளையும் வருகிறார்கள். இனி சேர்த்து வைத்துவிடலாம், பிள்ளைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று, ஒரு டப்பாவில் சாரை எடுத்து வந்து பெரிய தொட்டிக்குள் மெதுவாக விட்டார்.

மேடம் பாய்ந்து வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சார் ஓடவில்லை. சாயவில்லை. நடுங்கவும் இல்லை. நேருக்கு நேராக நின்றது!

"பாத்தியா... இப்பத்தான் ஆம்பளை" என்று இவர் தொடையைத் தட்டினார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இரண்டும் வாயோடு வாய் கவ்வி முட்டிக்கொண்டன. பழைய பழக்கம், கொஞ்ச நேரத்தில் சமாதானமாகிவிடும் என்று நினைத்து, மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுக்க பஜாருக்குப் போனோம். திரும்பி வந்தபோது மேடம் கிழிந்த துடுப்போடு நடுவில் நின்றிருந்தது. சார் பில்டர் ஓரமாக ஒட்டிக் கிடந்தது. இவர் ஜவுளிப் பையைக் கீழே வைக்காமலே வெகுநேரம் நின்றார்.

நானே சொல்கிறேன் என்று போனை எடுத்தார். ஆனியிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். ஸ்பீக்கரில் ரம்யா ஒன்றுதான் கேட்டாள்.

"உள்ள விட்டதும் நடுங்குச்சாப்பா?"

பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் குறுக்கே புகுந்து, "இல்லடி, கொஞ்சங்கூடப் பயப்படல" என்றேன்.

அதைக் கேட்டதும்தான் அவள் அழுதாள்.

அந்த நடுக்கம் வெறும் பயம் இல்லையாம். 'நீதான் பெரியவள், உன்னோடு எனக்குப் போட்டி இல்லை' என்று சின்னது காட்டும் அடையாளமாம். அதைப் பார்த்தால் பெரியது விட்டுவிடுமாம். முட்டை போடும் சமயத்தில் விரட்டல் கொஞ்சம் கூடுமாம். ரொம்ப மிஞ்சினால், ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற மாதிரி அதே தொட்டியில் ஒரு தடுப்பு வைத்தால் போதுமாம், அதுவும் சில நாளைக்கு. மாதக்கணக்கில் கண் மறைவாகத் தனியே வைத்தால், ஆண் மீன் தானே பெண்ணாக மாற ஆரம்பித்துவிடுமாம். இந்த மீனின் பிறவி அப்படி. ஒரு தொட்டியில் இரண்டு பெண் ஆகாது. ஒன்றுதான் மிஞ்சும்.

ஆக, இவர் தொடையைத் தட்டி ஆம்பளை என்று மெச்சிய நேரத்தில் சார் பாதி மேடமாகியிருந்தது. சிரிப்பு வருகிறதா? வேறு வீட்டில் நடந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும்.

இதை வைத்துக்கொண்டு, அடித்தாலும் அடங்கிப் போ என்று எந்த வீட்டுப் பெண்ணுக்காவது புத்தி சொல்லக் கிளம்பிவிடாதீர்கள். மீன் கதை மீனுக்கு. மனுஷர் கை ஓங்கினால் பிரித்துத்தான் வைக்க வேண்டும். என் வருத்தம் வேறு. பிரித்து வைத்ததுகூட அவருடைய தொழில் புத்தி, அதை மன்னித்துவிடலாம். ஆனால் விஷயம் தெரிந்தவள் ஒருத்தி எங்கள் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாள். அவளிடம் மறைத்தேனே... பிள்ளைகள் மனசு கஷ்டப்படக் கூடாது என்று நல்ல சேதியாகவே பொறுக்கிப் பொறுக்கிச் சொல்கிறோம். அதற்குப் பெயர் பாசமா, எனக்குத் தெரியவில்லை. எப்படிச் சொன்னாலும் அந்தச் சின்ன மீனைக் கொன்றது அதுதான்.

தலைதீபாவளி குறைவில்லாமல் நடந்தது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, இனிப்பு, மாப்பிள்ளைக்கு வாசல் நிறைய வெடி. ரம்யா யாரையும் குற்றம் சொல்லவில்லை. அப்பாவுக்கு அவளே இலையில் பரிமாறினாள். ஊருக்குக் கிளம்பும் முன்னால், மேடத்தைப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, அடுப்படியில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மீனு சண்டை போட்டதையே எங்கிட்டச் சொல்ல உங்களுக்கு மனசு வரல. நாளைக்கு எனக்கும் அவருக்கும் ஒண்ணுன்னா நான் யார்ட்டம்மா வந்து சொல்ல? சொன்னா நீங்க என்ன செய்வீக?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். முறுக்கு டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

முந்தாநாள் போன் பண்ணினாள். மேடம் நன்றாக இருக்கிறதாம். இப்போதைக்குத் தனியாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாளாம். பேச்சு சாதாரணமாகத்தான் இருந்தது, குரல் மட்டும் கம்மியிருந்தது. என்னடி என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள்.

ஒன்றுமில்லாததற்கு யாருக்காவது குரல் கம்முமா?