எனக்கு மூன்று கத்தரி, மகளுக்கு மொட்டை

இரண்டு வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை. திருப்பதியில் ஒரு பெரிய ஓட்டலின் முன்கூடத்தில், மடியில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் பெரிய மகளுக்கு இன்டர்வியூ நடந்துகொண்டிருந்தது. அன்று அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

எங்கள் வீடு புத்தூருக்குப் பக்கத்தில். நான் எட்டாவது வரை படித்தவள். வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். மகள் பி.காம். கம்ப்யூட்டர் முடித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. ரேணிகுண்டா கம்பெனிகள், திருப்பதி ஆஸ்பத்திரிகள், துணிக்கடைகள் என்று அவள் ஏறி இறங்காத படி இல்லை. எங்கே போனாலும் இரண்டு வேலைக்கு இருநூறு பேர் வரிசையில் நிற்பார்கள். “எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதா?” என்று கேட்பார்கள். ஒருத்தருமே உள்ளே விடாவிட்டால் அது எங்கேயிருந்து வரும்? கேட்கிறவர்களுக்குக் கூச்சமே இருக்காதா? “போன் பண்றோம்” என்று அனுப்பிவிடுவார்கள். பண்ண மாட்டார்கள். இவளோ குளிக்கப் போனால்கூட போனை ஜன்னல் மேல் வைத்துவிட்டுத்தான் போவாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வதற்குக்கூட இவர்களுக்கு மனசு வராது.

ஆனால் அவள் சோர்ந்து படுத்ததில்லை. ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு இன்டர்வியூவிலும் கேட்ட கேள்விகளை வீட்டுக்கு வந்ததும் அதில் எழுதுவாள். பதில் தெரியாத கேள்விக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடுவாள். அந்தப் பதிலைத் தேடிப் படித்த பிறகு நட்சத்திரத்தை அடித்துவிடுவாள்.

சோர்ந்துபோனது நான்தான். சொந்தக்காரர்களின் வாயும் என்னைச் சும்மா விடவில்லை. பூஜை மாடத்தில் விளக்கேற்றிவிட்டு, “ஏழுமலையானே, இவளுக்கு ஒரு வேலை கொடு, இவள் முடியை உனக்குக் கொடுக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் இது சாதாரணம். பெற்றவர்கள் பிள்ளைகளின் முடியை வேண்டிக்கொள்வார்கள். பிள்ளையைக் கேட்பதெல்லாம் கிடையாது.

ஆறு மாதம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் என் நாத்தனார் வந்து, “அண்ணி, நீங்க வாயால சொல்லிக்கினே இருந்தா சாமி எப்படிக் குடுப்பாரு? மொதல்ல முடியக் குடுத்துடுங்க, அப்புறம் பாருங்க” என்றாள். எனக்கு அது சரியென்று பட்டது.

மகள் ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். “இன்டர்வியூக்குப் போய்க்கினு இருக்கறப்ப இன்னாத்துக்குமா? வேலை கெடைக்கட்டும், நானே வர்றேன்.”

“சாமி விஷயத்துல எதிர்த்துப் பேசாத” என்றேன்.

மலையில் முடி கொடுக்கிற மண்டபத்தில் அவளை உட்கார வைத்தேன். இடுப்புக்குக் கீழே தொங்கிய பின்னல். சின்ன வயதிலிருந்து நான் எண்ணெய் வைத்து வளர்த்தது. மொட்டை போடுகிற அம்மாளே ஒரு நிமிஷம் அதைக் கையில் பிடித்துப் பார்த்தாள். மகளுக்கு முடிந்ததும் நானும் உட்கார்ந்தேன். பெண்களுக்கு மூன்று கத்தரி என்று ஒரு வழக்கம் உண்டு. முடி நுனியில் மூன்று வெட்டு வெட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். நான் எப்போதும் அதுதான் கொடுப்பேன். அன்றைக்கும் அதையே கொடுத்துவிட்டு, கொண்டையை முடிந்துகொண்டு எழுந்தேன். அதில் ஒரு தப்பும் எனக்குத் தெரியவில்லை.

எட்டாம் நாள் அந்த ஓட்டலிலிருந்து போன் வந்தது. அவள் முன்பே எழுதிய பரீட்சையில் தேறிவிட்டாளாம், கடைசி இன்டர்வியூவுக்கு வரச் சொன்னார்கள். நான் கற்பூரம் ஏற்றிவிட்டுத் தெருவெல்லாம் சொன்னேன். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படித்தான் அந்தப் புதன்கிழமை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அம்மாள் தெலுங்கில், “தப்பா நினைக்காதீங்க, பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா?” என்று கேட்டார்.

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாமிக்கு முடி குடுத்தோம்” என்றேன்.

அவர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, “முன்னால நின்னு விருந்தாளிய வரவேற்கிற வேலைம்மா இது. பார்க்க லட்சணமா இருக்கணும். மூணு நாலு மாசம் கழிச்சி, முடி வளர்ந்ததும் வரச் சொல்லுங்க. இல்ல, விக் வெச்சிக்கிட்டு வரட்டும்” என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. அதன் வழியாக முன்கூடம் முழுக்கத் தெரிந்தது. அங்கே சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மொட்டை. சந்தனம் பூசிய மொட்டைகள். புருஷன் மொட்டை, பெண்டாட்டி மொட்டை, மடியில் இருந்த குழந்தை மொட்டை. அவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லி ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோபம் வந்தால் எனக்குத் தெலுங்கு பாதியில் நின்றுவிடும். தமிழிலேயே கத்தினேன். “இன்னாமா பேசறீங்க? அங்க குந்திக்கினு இருக்கறவங்க எல்லாம் யாரு? மொட்டை போட்டுக்கினு வர்றவங்களாலதான உங்க ஓட்டலே நடக்குது! அவங்க மொட்டை உங்களுக்கு லட்சணம், எம் பொண்ணு மொட்டை அசிங்கமா? சாமி காலடியில இருந்துக்கினு சொல்ற பேச்சா இது?”

அவருக்குத் தமிழ் நன்றாகவே புரிந்திருக்க வேண்டும், முகம் சிவந்துவிட்டது. ஆனால் மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிறகு அவரிடம் தெலுங்கில் ரொம்ப மரியாதையாக, “மேடம், பரீட்சையில எனக்கு எத்தனையாவது இடம்? அத மட்டும் சொல்லுங்க” என்று கேட்டாள்.

அவர் மேஜை மேல் இருந்த காகிதங்களைப் புரட்டினார். மகள் நகரவில்லை. கடைசியில், “நீதான் மொதல்” என்றார்.

“தேங்க்ஸ் மேடம்” என்று ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

திரும்பும் ரயிலில் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எதிரில் இருந்த ஒரு பெரியவர் அவள் தலையைப் பார்த்துவிட்டு, உடம்பு முடியாத பெண் என்று நினைத்து ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். அவளும் வெட்கமில்லாமல் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள்.

“அழாதமா. சோத்த துன்னு. ஒரு விக் வாங்கிக் குடு, அதோட போறேன். யார் கண்டது, என் முடியே விக்கா திரும்பி வந்திருக்கும்” என்றாள்.

சிரிக்கவும் முடியவில்லை. “எல்லாம் என்னாலதான்” என்றேன்.

“ஆமா, உன்னாலதான்” என்றாள் புளிசாதத்தை வாயில் போட்டுக்கொண்டே. “வேண்டிக்கினது நீ. ஆனா ஒனக்கு மூணு கத்தரி, எனக்கு முழு மொட்டை. நல்லா இருக்குதுமா உன் பக்தி.”

கேலியாகத்தான் சொன்னாள். நான் கையில் எடுத்த சோற்றைத் திரும்ப வைத்துவிட்டேன். அந்த ஓட்டல் அம்மாள் மேல் இருந்த கோபம் அப்படியே திரும்பி என் மேல் வந்தது. அவராவது பெண்ணுக்கு என்ன என்று ஒரு வார்த்தை கேட்டார். மொட்டை போடச் சம்மதமா என்று நான் அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே!

வீட்டுக்கு வந்ததும் அவள் நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். ‘முடி எப்போது வளரும்?’ என்று எழுதியிருந்தாள். பக்கத்தில் நட்சத்திரம் போடவில்லை; தேடிப் படித்துப் பதில் கண்டுபிடிக்கிற கேள்வி இல்லையே அது.

அடுத்த சனிக்கிழமை வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனேன். “முழுசா எடுத்துடுங்க” என்று தலையைக் குனிந்தேன். வீட்டுக்காரர் பதறிப்போய், “இன்னாடி இது? இன்னாத்துக்கு வேண்டிக்கின?” என்று கேட்டார்.

“ஒண்ணத்துக்கும் இல்ல” என்றேன். உண்மையாகவே அன்று சாமியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு ரேணிகுண்டாவில் ஒரு இன்டர்வியூவுக்கு இரண்டு மொட்டைகளும் சேர்ந்துதான் போனோம். கேட்டில் இருந்த வாட்ச்மேன், “மலைக்குப் போற பஸ் அந்தப் பக்கம்மா” என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கடுத்த மூன்றும் கிடைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்கிறவர்களிடம், எதில் குறை என்று நின்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொன்னவர்கள் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்வாள்.

முடி காதைத் தொட்ட சமயத்தில், ரேணிகுண்டாவிலேயே ஒரு ஒர்க் ஷாப்பில், சாமான் வரவு பார்க்கிற இடத்தில் வேலை கிடைத்தது. அங்கே கேட்ட கேள்விகள் எல்லாமே, அடித்துவிட்ட நட்சத்திரங்களாக அவள் நோட்டில் ஏற்கெனவே இருந்தனவாம்.

வேலையில் சேர்ந்த மாதமே அந்த ஓட்டலிலிருந்து போன். முடி வளர்ந்துவிட்டதா என்று கேட்டார்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “வளர்ந்துடுச்சி மேடம். வேலையும் கெடைச்சிடுச்சி. இந்தத் தடவ நானே வேண்டிக்கினு இருக்கறேன். வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடியும் மொட்டை” என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

திருப்பதிக்குப் போகும்போதெல்லாம் அந்த ஓட்டலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. வாசலில் மொட்டைத் தலைகளுக்கு இன்றும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்ததும் வயிறு எரிகிறது, அதோடு என் கை தானாக என் தலையைத் தடவிப் பார்க்கிறது. இப்போதும் தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன், ஆனால் கொடுப்பதாகச் சொல்வதற்கு முன்னால், கொடுக்கப்போகிற தலை யாருடையது என்று ஒரு நிமிஷம் நின்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.