தங்கத்தின் மனக்குறை

தங்கத்துக்கு மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று தெரிந்த வாரத்திலேயே, அவளுக்கு அப்படி என்ன மனக்குறை என்று தேடும் வேலையை வீட்டார் தொடங்கிவிட்டார்கள். திசையன்விளையிலிருந்து வந்து தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம் அது. மனதில் எதையாவது பூட்டி வைத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து இந்த நோய் வரும் என்று மருமகள் சிந்து எங்கோ கேட்டிருந்தாள்.

சங்கடம் என்னவென்றால், தங்கத்துக்குக் குறையே கிடையாது. நன்றாகச் சாப்பிடுவாள், படுத்ததும் தூங்குவாள், கடைக்கு வருகிறவர்களோடு சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். நோய்க்குத் தான்தான் காரணமோ என்று கணவர் தனபாலன் முதலில் பயந்தார். தன்னைப் பற்றிக்கூட அவளுக்கு வருத்தமில்லை என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போனது.

அடையாறில் சுப்பராமன் நடத்தும் மனத்தூய்மை வகுப்புக்குச் சிந்து அவளை அழைத்துப் போனாள். வங்கி வேலையை விட்டுவிட்டு அடுத்தவர் ஆன்மாவைக் கவனிக்க வந்தவர் அவர். கண்ணை மூடி, இன்னும் மன்னிக்காத ஆளை நினைக்கச் சொன்னார். தங்கம் தூங்கிப்போனாள்.

சிகிச்சை பார்க்கும் டாக்டர் நாஸியாவிடம் தங்கமே இதைக் கேட்டுவிட்டாள். மனம் தெம்பாக இருந்தால் சிகிச்சையின் சிரமத்தைத் தாங்குவது சுலபம், ஆனால் அழாமல் இருந்ததால் கட்டி வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார் அவர். தங்கத்துக்கு அது போதும். வீட்டாருக்குப் போதவில்லை.

கீமோ மருந்தில் வாயெல்லாம் புண்ணாகிக் கிடந்த ஒரு நாள், சுப்பராமன் ஆரஞ்சுப் பழங்களோடு வீட்டுக்கே வந்தார்.

"நீங்க மனசைத் திறக்க மாட்டேங்கறேள். அதான் மருந்து தடுமாறறது."

தங்கம் எழுந்து உட்கார்ந்தாள்.

"நோவு எனக்கு. வாந்தியும் நான்தான் எடுக்கேன். இதுல தப்பும் என் மேலதானா சார்? எந்திரிங்க. பழத்தையும் எடுத்துட்டுப் போங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் குரல் உயர்ந்து தனபாலன் கேட்டதில்லை. சுப்பராமன் முகத்திலோ அப்படி ஒரு பூரிப்பு. அடக்கிய கோபம் வெளியே வந்துவிட்டது, இனிக் குணம்தான் என்று சிந்துவிடம் சொல்லி, பழத்தை வைத்துவிட்டே போனார்.

அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்து, இப்போது கட்டி இல்லை. வகுப்பில் தங்கத்தின் கோபம்தான் முக்கியப் பாடமாம். கூட்டமும் கூடியிருக்கிறதாம்.

போன மாதம் தனபாலனின் தங்கை பங்கஜத்துக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மயிலாப்பூரில் அவள் கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து, உனக்கு அப்படி என்ன துக்கம் என்று ஆரம்பித்திருந்தார்கள். தங்கம் எல்லாரையும் கூடத்துக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு பங்கஜத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, பசிக்கிறதா என்று கேட்டாள்.