என் தளத்தைக் கவனமாகப் படித்தவர்

கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் நிரந்தரத் தொழிலாளி. எங்கள் ஊர் கிராம சபையில் யாரும் வாயைத் திறப்பதில்லை என்கிற ஆத்திரத்தில் சொந்தமாக ஒரு இணையதளம் தொடங்கினேன்.

முதல் வேலையாக, எங்கள் தொழிற்சாலைக் கழிவு ஏரியில் கலப்பதைப் பற்றி மனு எழுதினேன். பக்கத்து வீட்டு செல்வி அக்காவும், அவரோடு அதே தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் பதினோரு பெண்களும் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. தளம் நடத்துகிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்றவர்களுக்கும் தைரியம் வரட்டும் என்று மனுவைப் படம் பிடித்து, பெயர்களோடு தளத்தில் ஏற்றினேன்.

மறுநாள் காலை, கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என் தளத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டு கேட்டில் நின்றார். ஒவ்வொரு பெயராகப் படித்து, பன்னிரண்டு பேரையும் வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினார். அதுவரை என் தளத்தை அவ்வளவு கவனமாகப் படித்தவர் யாருமில்லை.

"எங்க எல்லார் பேரும் கீது. உன் பேரு இன்னாத்துக்கு இல்ல தம்பி?" என்றார் செல்வி அக்கா. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

இப்போதெல்லாம் மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. தளத்தில் வேறு யார் பெயரையும் போடுவதில்லை. போன கிராம சபைக்கு முன்பு புதிய மனுவையும் பேனாவையும் அக்காவிடம் நீட்டினேன். முழுவதும் படித்தார்.

"நல்லாத்தான் எழுதிக்கீற" என்று பேனாவை அப்படியே மூடிக் கொடுத்தார்.