ஹார்ட் டிஸ்க்குக்கு வைத்த பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தணி பஜாரில் ஒரு மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் நின்றுகொண்டு, "நிறுத்துங்க பாய்!" என்று கத்தினேன். பக்கத்து டீக்கடையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவ்வளவு சத்தம்.

உஸ்மான் பாய் கையில் ஸ்க்ரூடிரைவர். மேஜை மேல் என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். அதன் மூடியில் இருந்த ஆறு திருகாணிகளில் மூன்று ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன.

ஏன் கத்தினேன் என்று சொன்னால் என் மானம் போகும். போகட்டும். பாதி அன்றைக்கே போய்விட்டது... மீதியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் மூன்று பேர். முதல் ஆள் உஸ்மான் பாய். பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது தொழில், கம்ப்யூட்டரைப் பிரித்து மாட்டுவது ஆசை. இரண்டாவது ரேணுகா. கே.ஜி.கண்டிகைப் பக்கம் வீட்டிலேயே நாலு பவர்லூம் ஓடுகிறது. புடவை பார்டருக்கு டிசைன் போடக் கம்ப்யூட்டரைத் தொட்டவர், இப்போது கம்ப்யூட்டருக்கே டிசைன் போடுவார். மூன்றாவது நான். எனக்குக் கையால் எதுவும் வராது. எழுத மட்டும் வரும், பத்திரிகையில் இந்தக் கம்ப்யூட்டர் பத்தியை.

ஞாயிறு காலை பாயின் பட்டறையில் கூடுவோம். ஊரில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அங்கே வந்து சேரும். ஒருவருடையது ஆன் ஆகி ஆகி அணையும். ராம் என்கிற குட்டிப் பலகையைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் காலைத் தேய்த்து மாட்டினால் எழுந்துவிடும். இன்னொருவருடையதில் எந்த வெப்சைட்டும் திறக்காது. பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். உள்ளே பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். கட்டணம் ஆளுக்கொரு டீ.

ஆனால் ஒரு சட்டம் உண்டு. ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன், ரேணுகா ஒரு நாற்பது பக்க நோட்டைத் திறந்து கேட்பார்: "கடைசியா இன்னா பண்ணீங்க?"

எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒண்ணுமே பண்ணலீங்க. தானா நின்னுபோச்சு."

ஒருமுறை அப்படிச் சொன்ன ஒருவரின் கீபோர்டோடு இரண்டு மணி நேரம் போராடினோம். கடைசியில் பாய் அதைத் தலைகீழாகத் தட்டினார். ஜவ்வரிசி விழுந்தது. பாயசம்! அன்றிலிருந்துதான் நோட்டு. அதற்கு 'வாக்குமூல நோட்டு' என்று பெயர் வைத்தது நான். அந்தப் பெருமையும் எனக்குத்தான் வேண்டும்.

இனி என் கதை.

ஆயுத பூஜை அன்று என் கம்ப்யூட்டர் கேபினெட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றித் தூசு தட்டினேன். என் மனைவி வசந்தா பூஜைத் தட்டோடு வந்தாள். கிண்ணத்தில் பன்னீரில் கரைத்த சந்தனம்.

"ஏங்க, மூடிய மாட்டிட்டு வெளியில வைங்க. சந்தனம் தண்ணியா இருக்குது, ஒழுகும்."

"வெளிய இருக்கிற தகர டப்பாவா எனக்கு வேலை செய்யுது? உள்ள இருக்கிற இதுதான் எல்லாத்தையும் சுமக்குது. இதுக்கு வைக்கிறதுதான் நியாயம்."

வைத்தேன். ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில் மூன்று பொட்டு, நடுவில் குங்குமம். கற்பூரம் காட்டினேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் இந்தப் பத்தியை எழுதத் தொடங்கலாம் என்று ஸ்விட்சைப் போட்டால்... கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி. டிஸ்க்கையே காணோமாம். திறந்து பார்த்தேன். பொட்டு வழிந்து காய்ந்திருந்தது. ஈரத் துண்டால் துடைத்துப் பளிச்சென்று ஆக்கினேன். தடயம் இல்லை. டிஸ்க்கும் எழவில்லை.

இதை நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? போன வருடம் இதே பத்தியில், வெப்கேமராவின் கண்ணில் குங்குமம் வைத்துவிட்டு 'எல்லோரும் சிவப்பாகத் தெரிகிறார்கள்' என்று எழுதிக் கேட்ட ஒரு வாசகரை வைத்து முக்கால் பக்கம் சிரித்தவன் நான். அதைப் பட்டறையில் நானே உரக்கப் படித்துக் காட்ட, பாயும் ரேணுகாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

என் மானம் மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த டிஸ்க்கில் வேறொன்று இருந்தது.

பாய்க்கு ஓர் அண்ணன், ரஹீம். இருவரும் சேர்ந்துதான் அந்தப் பட்டறையை நடத்தினார்கள். போட்டோ என்றாலே ரஹீம் பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் உஸ்மான் பாயின் மகள் நிக்காஹ் அரக்கோணத்தில் நடந்தபோது, பிரியாணிப் பந்தியில் யாரோ வீடியோ எடுப்பதைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். நாலு நிமிடம். அதற்கு அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் அசைந்து, சிரித்து, பேசி, இந்த உலகத்தில் இருப்பது அந்த நாலு நிமிடம்தான்.

சித்திரையில் பாய் அந்த மெமரி கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "நம்ம சிஸ்டம் இத எடுக்க மாட்டேங்குது சார். உங்க சிஸ்டத்துல ஏத்தி வைங்க. கார்டு உங்களுக்கே." ஏற்றினேன். கார்டைக் காலி செய்து என் கேமராவில் போட்டு, ஆடிக் கிருத்திகைக் காவடிகளைப் படம் பிடித்தேன். பாய் ஒவ்வொரு ஞாயிறும், "பென்டிரைவ் எடுத்தாற மறந்துட்டேன் சார்" என்பார். நானும், "அதுக்கென்ன, என்கிட்டதானே இருக்கு" என்பேன்.

ஆக, ஒரே ஒரு பிரதி. 'எதையும் இரண்டு இடத்தில் வையுங்கள், முடிந்தால் மூன்றாவது இடத்திலும் வையுங்கள்' — இதை இந்தப் பத்தியில் நான் எத்தனை முறை எழுதியிருப்பேன்? அதெல்லாம் உங்களுக்கு எழுதியது.

முதல் ஞாயிறு கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். ரேணுகா நோட்டைத் திறந்தார்.

"சொல்லுங்கண்ணா. கடைசியா இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணுமே பண்ணலம்மா. தானா நின்னுபோச்சு."

ரேணுகா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதிக்கொண்டார்.

பாய் எதையும் முதலில் முகர்ந்து பார்ப்பார். முப்பது வருடமாகக் கருகின காயிலோடு பழகிய மூக்கு. டிஸ்க்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். புருவம் உயர்ந்தது.

"கருகின வாடை இல்ல. சந்தன வாடை வருதே சார்?"

"காலையில மலைக்குப் போயிட்டு வந்தேன் பாய். என் மேலதான் வரும்."

மலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. பொய்க்கு முருகனையும் கூட்டு சேர்த்தாயிற்று. ஊரே சந்தனமும் விபூதியுமாக மணக்கிற திருத்தணியில், அதற்கு மேல் யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

கேபிளை மாற்றினார்கள். பவர் சப்ளையை மாற்றினார்கள். ராமை ரப்பரால் தேய்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. "ஒரு வாரம் என்னாண்ட இருக்கட்டும்" என்றார் பாய். அந்த ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தா, "போய் உண்மையச் சொல்லுங்களேன்" என்று தினமும் சொன்னாள். நான் தினமும் பேப்பர் படித்தேன்.

போன ஞாயிறு போனபோது பாய் உதட்டைப் பிதுக்கினார். "நம்ம சிஸ்டம்லயும் மாட்டிப் பாத்தேன். மூணு கேபிள் மாத்திட்டேன். மண்டையப் போட்டுட்ச்சு சார். எல்லாம் வேற எடத்துல காப்பி கீதில்ல?"

"என்ன பாய், என்னைப் போய் கேக்கறீங்க?"

"அண்ணன் வீடியோ?"

"ஆங்... இருக்கு."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த 'ஆங்'! ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

பாயின் பட்டறைச் சுவரைப் பார்க்கவேண்டும். ஆணியே கிடையாது. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளைப் பிரித்து, உள்ளே இருக்கும் காந்தங்களை எடுத்துச் சுவரில் பதித்திருப்பார். கட்டிங் பிளேயர், ஸ்பேனர் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு தொங்கும். ஊரில் எந்த டிஸ்க் செத்தாலும் காந்தம் பாய்க்கு. அது வழக்கம். நான் எப்படித் தடுப்பது? சென்னையில் யாரிடமாவது ரகசியமாகக் கொண்டுபோய்க் காட்டலாம் என்று வைத்திருந்த திட்டம் வாய்க்குள்ளேயே நின்றது. பாய் முதல் திருகாணியைக் கழற்றினார். மூடியைத் திறந்து உள்ளே தூசு பட்டுவிட்டால் அப்புறம் அந்த டிஸ்க்கை யாராலும் பிழைக்க வைக்க முடியாது.

இரண்டாவது. மூன்றாவது.

"இதுல காந்தம் பெருசா இருக்கும் சார்" என்றார் பாய் சந்தோஷமாக. "அண்ணனோட ஸ்பேனர் செட் ஒண்ணு மாட்ட எடமில்லாம கீழ கெடக்குது. அதுக்குன்னே வெச்சிடுவேன்."

அப்போதுதான் கத்தினேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, பன்னீர், ஈரத் துண்டு, மலைக்குப் போகாதது, கார்டை அழித்தது, வேறு பிரதி இல்லாதது... தலை நிமிராமல் சொன்னேன். "கொஞ்சம் மெதுவாண்ணா, எழுதணும்" என்றார் ரேணுகா. எழுதிக்கொண்டுதான் இருந்தார், மனுஷி!

பாய் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். டிஸ்க்கை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் வாயைத் திறந்தார்.

"அன்னிக்கே சொன்னேனா இல்லியா, சந்தன வாடைன்னு?"

கழற்றிய மூன்று திருகாணிகளையும் திரும்ப முடுக்கினார். மெல்லிய கம்பி பார்க்கும் பூதக்கண்ணாடியை எடுத்து, கேபிள் சொருகும் வாய்க்குள் பார்த்தார். என்னிடம் நீட்டினார். பல் இடுக்கில் சிக்கிய பருப்பு மாதிரி, உள்ளே மஞ்சளாக ஒரு கோடு காய்ந்து உட்கார்ந்திருந்தது. நான் துடைத்தது மேலே இருந்ததை. உள்ளே போனதை அல்ல.

மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிவந்தோம். பழைய டூத் பிரஷ்ஷை அதில் நனைத்து ரேணுகா பொறுமையாகத் தேய்த்தார். இழை அறுந்தால் முடிபோடுகிற விரல்கள், ஒரு பொன்னிறக் கம்பிகூட வளையவில்லை. ஃபேனுக்கடியில் அரை மணி நேரம் காயவைத்தோம். டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் சென்னை வண்டி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

பாய் கேபிளைச் சொருகினார். "பிஸ்மில்லா" என்று ஸ்விட்சைத் தட்டினார். நான் முருகா என்றேன், எந்த முகத்தோடு கூப்பிடுகிறோம் என்ற வெட்கம் இல்லாமல்.

டிஸ்க் எழுந்துவிட்டது.

அழுதேனா? அழுதேன். ஐம்பத்தெட்டு வயதில், பட்டறை நடுவில், பஜ்ஜிக்காரர் பார்க்க.

வீடியோவைத் திறந்தோம். பந்தியில் உஸ்மான் பாய் வேண்டாம் வேண்டாம் என்று கையால் தட்டை மறைக்கிறார். ரஹீம் பாய் அந்தக் கையைத் தள்ளிவிட்டு, கத்திரிக்காயை அள்ளித் தட்டில் போட்டு, "சாப்புட்றா! பொண்ணக் கட்டிக் குட்த்துட்டா பெரிய மன்சனா நீ?" என்று சிரிக்கிறார். பாய் நின்றுகொண்டே பார்த்தார். முடிந்ததும், "அந்தக் கத்திரிக்கா எடத்த இன்னொரு தபா போடுங்க சார்" என்றார். போட்டேன். இன்னொரு தபா. இன்னொரு தபா.

"மன்னிச்சிடுங்க பாய்" என்றேன்.

பாய் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு பென்டிரைவை எடுத்தார். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. உறைதான் மூலையெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"நான் மறக்கல சார். சித்திரையிலயே வாங்கிட்டேன். உங்க வூட்டு கேட்டாண்ட ரெண்டு தபா வந்துட்டு திரும்பிப் பூட்டேன். அண்ணன் சிரிக்கிறதப் பாத்தா தாங்குவேனான்னு பயம். அதான் மறந்துட்டேன், மறந்துட்டேன்னு சொல்லிகினு இருந்தேன்."

ரேணுகா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

"பாய், இது உங்க பக்கம். அண்ணா, நீங்க முன்னாடி பக்கத்துல கையெழுத்து போடுங்க."

போட்டோம். வீடியோ இப்போது நாலு இடத்தில் இருக்கிறது. ரஹீம் பாயின் ஸ்பேனர் செட் மட்டும் இன்னும் கீழேதான் கிடக்கிறது. வேறு யார் வீட்டு டிஸ்க்காவது நிஜமாகவே சாகட்டும்.

கம்ப்யூட்டர் கோளாறில் பாதி மெஷினில் இருக்கும். மீதி, 'ஒண்ணுமே பண்ணல' என்கிற அந்த வாக்கியத்தில் இருக்கும். ஒரு வாரம் நாங்கள் தேடியது முதல் பாதியில்.

எனவே, 'ஐயா, நான் ஒன்றும் செய்யவில்லை, அதுவாகவே நின்றுவிட்டது' என்று எனக்குக் கடிதம் எழுதும் அன்பர்களே... சந்தனமா, பாயசமா? அதை மட்டும் முதல் வரியில் எழுதிவிடுங்கள். சிரிக்க மாட்டேன்.