லாரிச் சத்தமும் என் வரிகளும்

எங்கள் பேண்டில் மூன்று பேர். பாட்டு எழுதிப் பாடுவது நான். கிட்டார் வாசிப்பவன் குரோம்பேட்டைக்காரன், சின்ன வயதிலிருந்து சர்ச்சில் வாசித்துப் பழகியவன். டிரம்மரின் வீட்டார் கீழ்க்கட்டளையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில், மேடவாக்கத்தில் என் ஃபிளாட்டில் ஒத்திகை.

எங்கள் பரிசோதனை இசை எரிச்சலில்தான் பிறந்தது. முதல் பாட்டைப் பதிவு செய்ய உட்காரும்போதெல்லாம் கீழே தண்ணி லாரி வந்து மோட்டார் போடும். ஜன்னலைச் சாத்தினோம், போர்வை தொங்கவிட்டோம். சத்தம் குறையவே இல்லை. டிரம்மர் குச்சிகளைக் கட்டிலில் வீசிவிட்டு, "ஒரே பேஜாரு. பேசாம இதையும் சேத்தே வாசிப்போம்" என்றான். மோட்டார் ஓட்டத்தையே தாளமாக எடுத்துக்கொண்டான். கிட்டார் அந்த உறுமலின் சுருதியைப் பிடித்தது. மோட்டார் திணறும்போது நாங்களும் திணறினோம். அந்த மோட்டார் சத்தத்தைப் பதிவு செய்து மேடையிலும் ஓடவிட்டோம்; அதுவே எங்கள் சவுண்டு ஆகிவிட்டது.

வரிகளும் அதைப் பற்றித்தான். ஏரியைத் தூர்த்துக் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீருக்குக் காத்திருக்கிற கோபம். 'என் கட்டிலுக்கடியில் ஓர் ஏரி மூச்சு விடுகிறது' என்ற ஒற்றை வரிக்காக வாரக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

ஒரு கல்லூரி விழாவில் அதைப் பாடிக்கொண்டிருந்தபோது, ஏற்பாட்டாளர் மேடையோரம் வந்து, "மேடம், ஜெனரேட்டர் சத்தம் ரொம்ப வருது, ஆஃப் பண்ணச் சொல்லட்டுமா?" என்றார்.

"அது ஜெனரேட்டர் இல்ல சார், பாட்டு."

கீழேயிருந்து சினிமாப் பாட்டு கேட்டுக் கத்தினார்கள். பாதியில் இறங்கினோம்.

போன மாதம் பல்லாவரத்தில் ஒரு புதிய பேண்டு தங்கள் நிகழ்ச்சிக்கு எங்களை அழைத்திருந்தது. அவர்களும் லாரி மோட்டாரைத்தான் வைத்திருந்தார்கள், அதே திணறலோடு. பாட்டு மட்டும் விட்டுப்போன காதலியைப் பற்றி. முடிந்ததும் பாடகி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, நீங்க இல்லேன்னா நாங்களே இல்லக்கா."

"எங்க பாட்டுல எந்த வரி பிடிச்சுது?"

அவள் முழித்தாள். "வரியா? சத்தியமா கவனிக்கலக்கா. அந்த மோட்டார் வருமே, அதான் வேற லெவல்."

வெளியே வந்ததும் கிட்டாரிஸ்ட் பூரித்துப்போனான். "நம்மளப் பாத்து ஒரு பேண்டே வந்திருக்கு. சந்தோஷப்படேன்!"

"நம்மளப் பாத்தா? லாரியப் பாத்து."

டிரம்மர் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கோச்சுக்காத. மோட்டார் போடுற போடுல நீ பாடுறது எனக்கே பாதி கேக்காது."

இத்தனை நாள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்தவன்.

அடுத்த ஒத்திகையில் மோட்டாரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். "அப்புறம் நம்மகிட்ட புதுசா என்ன மிஞ்சும்?" என்றான் கிட்டாரிஸ்ட். "வார்த்தை மிஞ்சும்" என்றேன். அவன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். இரண்டு ஞாயிறாக அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.